அத்தியாயம் 5: பற்றவைக்கும் முன்னும் பின்னும்

எல்.இ.டி. பல்பு, இயர்போன், எமர்ஜென்சி லைட், குழந்தையின் ரிமோட் கார் என எதைப் பழுதுபார்க்க உட்கார்ந்தாலும், ஒரு கட்டத்தில் சோல்டரிங் அயர்ன் கைக்கு வந்தே தீரும். சென்ற அத்தியாயத்தில் பழகிய மல்டிமீட்டர் கோளாறு எங்கே என்று காட்டிக்கொடுக்கும். அதைச் சரிசெய்து தருவது இந்தச் சின்னக் கருவி. விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் அதன் முனையில் இருக்கும் சூடு 350 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பின்புறம் ஓடுவது வீட்டின் 230 வோல்ட்.

அயர்னைக் கையில் பிடித்துப் பற்றவைத்துக்கொண்டிருக்கும்போது பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கண்ணும் கவனமும் அதன்மேலேயே இருக்கும். அதைக் கீழே வைத்துவிட்டு ரெசிஸ்டரைத் தேடும்போது, போன் அடிக்கிறதென்று எழுந்து போகும்போது, 'அணைத்துவிட்டோமே' என்று வயரைச் சுருட்டும்போதுதான் வினை வரும். ஆகவே இந்த அத்தியாயத்தில் பற்றவைப்பதற்குக் கொஞ்ச இடமும், அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றுக்கு நிறைய இடமும் கொடுத்திருக்கிறேன்.

எந்த அயர்ன்?

பிசிபி வேலைக்கு 25 வாட் போதும். ஸ்பீக்கர் வயர், சுவிட்சின் கால் போன்றவற்றுக்கு 35 அல்லது 40 வாட். தடித்த செம்புக் கம்பிக்கும் தகரத்துக்கும் 60 வாட்டுக்கு மேல். 'குறைந்த வாட் என்றால் ஆபத்து குறைவு' என்று நினைத்து எல்லாவற்றுக்கும் 15 வாட்டை வைத்து மல்லுக்கட்ட வேண்டாம். சூடு போதாவிட்டால் முனையை அழுத்துவோம், நேரம் கூட்டுவோம், கை வழுக்கும், போர்டின் செம்புப் பட்டையும் உரிந்து வரும்.

ஓரளவு அடிக்கடி வேலை செய்பவர்கள் சூட்டைத் திருகி வைக்கும் வசதியுள்ள சோல்டரிங் ஸ்டேஷனை வாங்கிவிடுவது நல்லது. சாதாரண அயர்ன் சும்மா கிடந்தாலும் சூடேறிக்கொண்டே போய்த் தன் உச்சத்தில் நிற்கும். ஸ்டேஷன், நீங்கள் வைத்த அளவில் நிற்கும். 60/40 ஈயக் கம்பி 183 முதல் 190 டிகிரிக்குள் உருகிவிடும். பிட்டை, அதாவது அயர்னின் முனையை, 320–350 டிகிரியில் வைத்தால் போதும். காரீயம் இல்லாத கம்பி 217 முதல் 227 டிகிரியில் உருகும், அதற்கு 350–380. இதற்கு மேல் ஏற்றினால் வேலை வேகமாக முடியாது. பேஸ்ட் கருகிப் புகைதான் அதிகமாகும்.

விசையை அழுத்தினால் சில நொடிகளில் சூடாகும் சோல்டரிங் கன், 1940களில் அமெரிக்க ரேடியோ மெக்கானிக் கார்ல் வெல்லர் கொண்டுவந்தது. அதற்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. முனையில் ஓடுவது மிகக் குறைந்த வோல்டேஜும் மிக அதிக ஆம்பியரும். விசையைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்காமல், தேவைப்படும்போது மட்டும் அழுத்தி விட வேண்டும். நுண்ணிய போர்டு வேலைக்கு அது ஒத்துவராது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஊர்க் கடையில் வாங்கினாலும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: மூன்று முள் பிளக் இருக்க வேண்டும், பிட்டைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிய வேண்டும். இரண்டு முள் பிளக்கோடு வரும் மலிவு அயர்ன்களுக்கு எர்த் கிடையாது. அவற்றை வாங்காதீர்கள்.

பிளக்கைச் செருகுமுன்

அயர்னின் உள்ளே சூடேற்றும் கம்பியை உலோகக் குழாயிலிருந்து பிரித்து வைத்திருப்பது மைக்கா அல்லது செராமிக். நாளாக நாளாக மைக்கா நொறுங்கும். மழைக்காலத்தில் ஈரம் குடிக்கும். அப்போது பேஸ் கசிந்து குழாய்க்கு வரும், அதிலிருந்து பிட்டுக்கு வரும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால், வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான் அதற்கு வழி.

மல்டிமீட்டரை எடுங்கள். பிளக்கைச் சாக்கெட்டில் செருகாமல் இந்த மூன்றையும் பாருங்கள்.

1. பேஸ் முள்ளுக்கும் நியூட்ரல் முள்ளுக்கும் இடையே ஓம் அளவு: 25 வாட் அயர்னில் சுமார் 2,100 ஓம், 35 வாட்டில் 1,500, 60 வாட்டில் 880. நிக்ரோம் கம்பி உள்ள சாதாரண அயர்ன்களுக்கு இந்தக் கணக்கு. இதைவிட மிகக் குறைவாகக் காட்டினால் உள்ளே ஷார்ட். ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது.

2. எர்த் முள்ளுக்கும் அயர்னின் உலோகக் குழாய்க்கும் இடையே: ஓரிரு ஓமுக்குள் இருக்க வேண்டும். தடித்து நீண்டிருக்கும் முள்தான் எர்த்.

3. பேஸ் முள்ளுக்கும் குழாய்க்கும், நியூட்ரல் முள்ளுக்கும் குழாய்க்கும் இடையே, மீட்டரின் மிகப் பெரிய ஓம் அளவில்: எதுவும் காட்டக் கூடாது. எண் எதுவும் தெரிந்தால் அந்த அயர்ன் வேண்டாம்.

மூன்றாவது சோதனையை இரண்டு முறை செய்யுங்கள். ஆறியிருக்கும்போது நல்லபிள்ளையாக இருக்கும் அயர்ன், சூடானதும் கசிய ஆரம்பிக்கலாம். ஐந்து நிமிடம் சூடாக்கி, பிளக்கைப் பிடுங்கி, ஸ்டாண்டில் இருக்கும்போதே மறுபடி அளந்து பாருங்கள்.

வயரையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கைப்பிடிக்குள் வயர் நுழையும் இடத்தில்தான் அது மடிந்து மடிந்து முதலில் விண்டுபோகும். அடுத்து, வழக்கமாகச் சுடுபடும் முதல் ஒரு முழம். சாதாரண பி.வி.சி. வயர் 70 டிகிரிச் சூட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டது. 350 டிகிரி முனை ஒரு கணம் பட்டாலே மேலுறை உருகி உள்ளே செம்பு தெரியும். அயர்ன் தன் வயரைத் தானே சுட்டுக்கொள்வது அவ்வளவு சகஜம். சிலிக்கான் உறையிட்ட வயருள்ள அயர்ன் கொஞ்சம் கூடுதல் விலை. வளைந்தும் கொடுக்கும், எளிதில் உருகாது. உருகிய வயரின் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டாமல், வயரையே மாற்றிவிடுங்கள்.

பிளக் போய்விட்டால் வயர் முனையைச் சீவி, சாக்கெட்டுக்குள் விட்டு, தீக்குச்சியால் இறுக்கிச் செருகும் வித்தை இன்னும் பல கடைகளில் நடக்கிறது. எர்த் வயரை அதில் யாரும் செருகுவதில்லை. குச்சி தளர்ந்தால் வயர் உங்கள் மேசைமேல் வந்து விழும். ஐம்பது ரூபாய் பிளக்குக்கு உயிரைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

வேலைக்கு உட்காரும் சாக்கெட்டுக்கு எர்த் இருக்கிறதா என்று ஒருமுறை எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பது அவசியம். எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை, ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே 'டக்'கென்று விழ வேண்டும்.

மேசை

முதலில் ஸ்டாண்டு. கனமான அடிப்பாகமும் சுருள் கம்பிக் கூடும் உள்ள ஸ்டாண்டாகப் பாருங்கள். தகரத்தை வளைத்து அயர்னோடு இலவசமாகத் தரும் குட்டித் தாங்கியில் வைத்தால், வயர் இழுத்த இழுப்புக்கு அயர்ன் உருண்டு மேசையிலேயே விழும். காகிதமும் துணியும் மரமும் கருகித் தீப்பிடிக்க பிட்டின் சூடு தாராளம்.

ஸ்டாண்டு இருக்க வேண்டிய இடம், நீங்கள் அயர்ன் பிடிக்கும் கைப்பக்கம். எதிர்ப்பக்கம் இருந்தால், ஒவ்வொரு தடவையும் சூடான முனை உங்கள் மறு கையைத் தாண்டிப் போய் வரும். வயர் மேசையின் பின்விளிம்பிலிருந்து வர வேண்டும். முன்பக்கம் தொங்கினால் முழங்காலோ ஓடிவரும் குழந்தையோ இழுத்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாமல் மேசையின் பின்னால் திருகி வைத்துவிட்டால் தண்ணீர் கொட்டும் பயமும் இல்லை.

மேசைமேல் சிலிக்கான் மேட் விரிக்கலாம். இல்லையேல் ஒரு பழைய செராமிக் டைல் போதும். செய்தித்தாள், தெர்மோகோல், பிளாஸ்டிக் விரிப்பு எதுவும் ஆகாது. பிசிபியைக் கையில் பிடித்துக்கொண்டு பற்றவைக்காதீர்கள். செம்பும் உலோகக் கால்களும் சூட்டை நொடியில் உங்கள் விரலுக்குக் கொண்டுவந்துவிடும். கவ்விப் பிடிக்கும் ஸ்டாண்டு, நோஸ் பிளையர், ட்வீசர் இவற்றில் ஒன்று பிடிக்கட்டும்.

மேசையிலிருந்து அப்புறப்படுத்த வேண்டியவற்றில் முக்கியமானது ஐ.பி.ஏ. என்று கடையில் கேட்டு வாங்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். போர்டில் ஒட்டிய பேஸ்டைத் துடைக்க இதைவிட நல்லது இல்லை. ஆனால் சுமார் 12 டிகிரியிலேயே தீப்பிடிக்கக்கூடிய ஆவியை அது விடத் தொடங்கிவிடும். நம் ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட அறை அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். பற்றவைப்பது எல்லாம் முடிந்து அயர்ன் ஆறிய பிறகே பாட்டிலைத் திறக்க வேண்டும். துடைத்த போர்டு முழுக்க உலர்ந்த பிறகே மறுபடி அயர்ன் அதைத் தொட வேண்டும். தின்னர், பெட்ரோல், காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே எல்லாவற்றுக்கும் இதே விதி.

புகையும் காரீயமும்

முனை தொட்டதும் மெல்லியதாக ஒரு வெண்புகை எழும்புமே, அது காரீயப் புகை என்று பலர் நினைக்கிறார்கள். காரீயம் கொதிக்கவே 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். அயர்னின் சூட்டில் அது ஆவியாகிக் கலப்பது மிகமிகக் குறைவு. அந்தப் புகை, கம்பியின் நடுவில் இருக்கும் ரோசின் எரிவது. ரோசின் பைன் மரப் பிசின், இயற்கைப் பொருள்தான். ஆனாலும் அதன் புகையை நாள்பட உள்ளிழுத்தால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் புகைக்கே மூச்சு இழுக்கும். வேலை செய்யும்போது மூக்கு ஒழுகினாலோ, இரவில் இருமல் வந்து விடுமுறை நாளில் நின்றுபோனாலோ, டாக்டரிடம் 'சோல்டரிங் செய்கிறேன்' என்று மறக்காமல் சொல்லுங்கள்.

புகை நேராக மேலே எழும். நாமோ சின்னக் கால்களைப் பார்க்கக் குனிந்து, முகத்தைச் சரியாக அதன் மேல் கொண்டுபோய் வைக்கிறோம். பூதக்கண்ணாடி விளக்கைப் போட்டுக்கொண்டால் குனிய வேண்டியிராது. ஜன்னல் திறந்திருக்கட்டும். பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய 12 வோல்ட் ஃபேன் ஒன்றை, புகையை உங்களிடமிருந்து இழுத்து ஜன்னல் பக்கம் தள்ளும்படி வையுங்கள். தலைக்கு மேல் ஓடும் சீலிங் ஃபேன் புகையை முகத்துக்கே திருப்பியடிக்கும். துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இந்தப் புகைக்குத் தடையில்லை.

இனாமல் பூசிய மெல்லிய கம்பியின் பூச்சை அயர்னால் எரித்து நீக்கும் பழக்கத்திலும் கவனம் வேண்டும். பாலியூரித்தேன் பூச்சு எரியும்போது வரும் ஐசோசயனேட் ஆவி நுரையீரலுக்குப் பகை. முடிந்தவரை பிளேடால் சுரண்டிவிடுங்கள்.

காரீயம் வருவது கை வழியாக. 60/40 கம்பியில் நூற்றுக்கு நாற்பது பங்கு காரீயம். தொட்ட விரலில் ஒட்டும். அதே விரல் முறுக்கையும் டீ கிளாஸையும் தொடும். காரீயத்துக்கு 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற அளவே இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. சிறுவர்களின் மூளை வளர்ச்சியையும் வயிற்றில் இருக்கும் குழந்தையையும் அது அதிகம் பாதிக்கும். செய்ய வேண்டியவை:

• ஈயக் கம்பியைப் பல்லில் கடித்துப் பிடிக்கவே கூடாது. இரண்டு கையும் போதாதபோது பல மெக்கானிக்குகள் செய்வது இதுதான். கம்பியைக் காலியான பேனாக் கூட்டுக்குள் விட்டு முனையை வளைத்து மேசையில் நிறுத்தினால் மூன்றாவது கை கிடைத்துவிடும்.

• வேலை மேசையில் டீ, தண்ணீர், தின்பண்டம் வேண்டாம்.

• எழுந்தவுடன் சோப்புப் போட்டு கையைக் கழுவுங்கள். சானிடைசர் காரீயத்தைப் போக்காது.

• மேசையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அந்தத் துணி சமையலறைக்குப் போகக் கூடாது.

• உதிர்ந்த ஈயத்தை மூடியுள்ள டப்பாவில் சேர்த்து மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள், குப்பையோடு எரிக்காதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலையில் மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இந்தியாவிலும் 2014 மே முதல் பட்டியலிட்ட கருவிகளுக்கு அதே போன்ற வரம்பு உண்டு. புதுப் போர்டுகளில் ஈயம் எளிதில் உருகாததற்கு இதுவே காரணம். பள்ளியிலும் வீட்டிலும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பவர்கள் காரீயமில்லாத கம்பியையே வாங்கலாம். ஆனால் ரோசின் புகை அதிலும் உண்டு.

தகர வேலைக்கு விற்கும் அமிலப் பேஸ்டை மின்னணு வேலைக்குத் தொடாதீர்கள். அதில் இருக்கும் துத்தநாக குளோரைடு எரிந்தால் கண்ணும் தொண்டையும் எரியும். போர்டில் மிஞ்சினால் கால்களை அரித்துவிடும்.

கண்ணும் உடையும்

கண்ணாடி போடுங்கள். உருகிய ஈயத் துளி தெறிப்பது, கட்டரால் வெட்டிய கால் துண்டு பறப்பது, டீசோல்டரிங் பம்ப் 'டப்'பென்று இழுக்கும்போது துகள் சிதறுவது எல்லாமே முகத்தை நோக்கித்தான் வரும். பவர் கண்ணாடி இருந்தாலும் பக்கவாட்டிலும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி நல்லது. கால் வெட்டும்போது அதை மற்றொரு கை விரலால் பிடித்துக்கொண்டு வெட்டுங்கள். ஒட்டியிருக்கும் ஒரு பாகத்தை ஈயம் உருகும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். அந்த உதறலில்தான் ஈயம் தெறிக்கும்.

பருத்தி உடை நல்லது. நைலான், பாலியஸ்டர் துணியில் சூடான துளி விழுந்தால் துணியும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். துப்பட்டா, முந்தானை, சட்டைக்கை, நீள முடி இவற்றை இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். காலுக்கு மூடிய ரப்பர் செருப்பு அல்லது ஷூ. மோதிரமும் உலோக வாட்சும் கழற்றப்பட வேண்டும். நிலைமின்சாரத்துக்காகக் கையில் பட்டை கட்டுவதென்றால் 1 மெகாஓம் ரெசிஸ்டர் உள்ள கடைப் பட்டையாக இருக்கட்டும். வெறும் கம்பியை மணிக்கட்டில் சுற்றி எர்த்தோடு கட்டுவது உயிருக்கு உலை வைக்கும் வேலை.

அந்த மூன்று நொடி

அயர்ன் சூடாக மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். சூடானதா என்று விரலைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டாம். ஈயக் கம்பியைத் தொட்டுப் பாருங்கள். பிழிந்து ஈரமாக்கிய ஸ்பாஞ்சில் பிட்டை ஒருமுறை இழுங்கள். ஸ்பாஞ்சில் தண்ணீர் நின்றால் ஈயம் படபடவென்று தெறிக்கும். பித்தளைச் சுருள் வைத்திருந்தால் இன்னும் நல்லது. பிட்டிலிருக்கும் ஈயத்தை உதறித் தள்ளுவது எவ்வளவு வேகமான வழியானாலும் செய்யக் கூடாது. துளி எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது.

கைப்பிடியைப் பேனா பிடிப்பதுபோல், உலோகத்திலிருந்து தள்ளிப் பிடியுங்கள். பிட்டின் நுனியை அல்ல, சரிந்த பக்கத்தை, போர்டின் பேடும் பாகத்தின் காலும் சேரும் மூலையில் பதியுங்கள். ஒரு நொடி. இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஈயக் கம்பியைக் கால்மேல் தொடுங்கள். சூடு சரியாக இருந்தால் கம்பி உருகி, காலைச் சுற்றி ஓடி, பேட் முழுக்கப் பரவிப் பளபளக்கும். முதலில் கம்பியை எடுங்கள், பிறகு அயர்னை. ஈயம் இறுகும்வரை ஒரு நொடியோ இரண்டோ போர்டை அசைக்காதீர்கள், ஊதவும் வேண்டாம். ஓரம் பள்ளமாகச் சரிந்து எரிமலை வடிவில் நின்றால் நல்ல ஜாயிண்ட். உருண்டையாகக் குந்தியிருந்தால் டிரை சோல்டர். டிரை சோல்டரால் பின்னாளில் பொறி பறக்கலாம், சூடேறலாம். மின்வேலையில் மோசமான ஜாயிண்ட்டே ஒரு தீ விபத்தின் விதை.

அயர்ன் கை தவறி விழுந்தால் பிடிக்காதீர்கள். கை தானாக நீளும். பழகித்தான் அதை அடக்க வேண்டும். காலை நகர்த்துங்கள், பிளக்கை அணையுங்கள், பிறகு கைப்பிடியைப் பிடித்து எடுங்கள். தரையில் ஒரு கறை விழுந்தால் விழட்டும்.

மின்சாரம் மிச்சமிருக்கும் போர்டு

இணைப்பில் இருக்கும் எந்தப் பொருளையும் பற்றவைக்கக் கூடாது. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை நியூட்ரலில் போட்டுவைத்த வீடுகள் இருக்கின்றன. அங்கே அணைத்தாலும் பேஸ் உள்ளேயே நிற்கும்.

பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். கையில் இருப்பது ஒரு சாதாரண 9 வாட் எல்.இ.டி. பல்பு என்று வைத்துக்கொள்வோம். மூடியைக் கழற்றினால் அலுமினியத் தட்டில் எல்.இ.டி.கள், அதற்கடியில் சுண்டுவிரல் நகம் அளவு டிரைவர் போர்டு. வீட்டின் 230 வோல்ட் ஏசி அங்கே டிசியாக மாறும்போது உச்ச அளவான 325 வோல்ட் வரை ஏறும். 400 வோல்ட் என்று அச்சிட்ட உருளைக் கெப்பாசிட்டரில் அது நிற்கும். பெரும்பாலான பல்புகளில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஆகவே எரியும்போது திறந்து தொட்டால் எல்.இ.டி.யின் காலிலும் மெயின் கரண்ட்தான்.

ஸ்குரூடிரைவரை வைத்து இரண்டு காலையும் ஷார்ட் செய்து 'பட்'டென்று பொறி பறக்கவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். கெப்பாசிட்டரும் கெடும், கண்ணுக்கும் ஆகாது. 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் உறையிட்ட வயரையும் புரோபையும் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கெப்பாசிட்டரின் இரு காலிலும் வையுங்கள். பல்புக்கு ஒரு நொடி போதும். டிவி பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டருக்குப் பதினைந்து நொடி. பிறகு மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அளந்து, சுழிக்கு அருகில் வந்த பிறகே அயர்னை எடுங்கள். மைக்ரோவேவ் அவன், இன்வெர்ட்டர், பழைய பிக்சர் டியூப் டிவி இவற்றின் உட்புறம் இந்தப் புத்தகத்தைப் படித்துப் பழகும் இடமல்ல.

லித்தியம் செல்லின்மேல் நேராகப் பற்றவைக்காதீர்கள். சூட்டில் உள்ளுறை உருகி ஷார்ட்டானால் செல் தானே தன்னை எரித்துக்கொள்ளும். செல்லை இணைக்க நிக்கல் பட்டையும் ஸ்பாட் வெல்டிங்கும்தான் வழி. பட்டையோடு வரும் செல்லை வாங்கி, பட்டையின் நுனியில் பற்றவைத்துக்கொள்ளலாம். செல்போன் போர்டில் ஹாட் ஏர் பிடிக்குமுன் பேட்டரியைக் கழற்றி வேறு மேசைக்குக் கொண்டுபோய்விடுங்கள். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது.

அணைத்த பிறகு

அணைக்குமுன் பிட்டைத் துடைத்து, அதன்மேல் புதிதாகக் கொஞ்சம் ஈயம் ஏற்றிவிடுங்கள். அந்தப் பூச்சு துருவேறாமல் காக்கும்; பிட் பல மாதம் கூடுதலாக உழைக்கும். கறுத்துப்போன பிட்டை அரத்தால் ராவாதீர்கள். செம்பின்மேல் இருக்கும் இரும்புப் பூச்சு போனால் பிட் அத்தோடு சரி.

பிளக்கைப் பிடுங்குங்கள், அயர்ன் ஸ்டாண்டிலேயே இருக்கட்டும். சுமார் 70 டிகிரியில் இருக்கும் உலோகத்தை ஒரு நொடி தொட்டாலே தோல் புண்ணாகும். 350 டிகிரியிலிருந்து அது அந்த அளவுக்குக் கீழே இறங்கக் கால்மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஆறிய அயர்னுக்கும் சூடான அயர்னுக்கும் பார்வைக்கு வித்தியாசம் இல்லை. அரைமணி கழித்தே எடுத்து வையுங்கள். வீட்டில் சிறுவர் இருந்தால் அந்த அரைமணியும் அறையைப் பூட்டிவையுங்கள். வேகமாக ஆறட்டும் என்று தண்ணீரில் முக்கினால் செராமிக் விரிசல் விடும். அடுத்தமுறை ஷாக் அடிக்கும்.

சுட்டுவிட்டால்

சுட்ட இடத்தை உடனே குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். இருபது நிமிடம். எரிச்சல் நின்றாலும் எடுக்காதீர்கள். மோதிரம், வளையல், கயிறு இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். ஐஸ், பற்பசை, பேனா மை, தேங்காய் எண்ணெய், இட்லி மாவு எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். ஈயம் தோலில் ஒட்டியிருந்தால் பிய்க்காமல் தண்ணீரில் ஆறவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முகம், கண், விரல் மூட்டு ஆகிய இடங்களில் பட்டாலும், புண் உங்கள் உள்ளங்கையைவிடப் பெரிதானாலும், வெளுத்தோ கருகியோ வலியில்லாமல் இருந்தாலும், மின்சாரத்தால் சுட்டிருந்தாலும் டாக்டரைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. கண்ணில் துளி விழுந்தால் தேய்க்காதீர்கள், எடுக்க முயலாதீர்கள். சுத்தமான தண்ணீரால் கழுவிக்கொண்டே கண் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்துப் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த கட்டையால் வயரைத் தள்ளிவிட்டு 108ஐ அழையுங்கள். தீப்பிடித்தால் மெயின்தான் முதல் வேலை. மின்சாரம் இருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது. மணல் அல்லது பவுடர் தீயணைப்பான். அடங்காவிட்டால் வெளியே வந்து 101.

மேசைக்கு மேல் ஒட்டிவைக்க

1. வயர், பிளக், எர்த் பார்த்தாயிற்றா?
2. ஸ்டாண்டு கைப்பக்கம் இருக்கிறதா? வயர் பின்னால் போகிறதா?
3. ஜன்னல் திறந்து, ஃபேன் வெளியே தள்ளுகிறதா?
4. கண்ணாடி போட்டாயிற்றா?
5. பழுதுபார்க்கும் பொருளின் பிளக் பிடுங்கி, கெப்பாசிட்டரை அளந்தாயிற்றா? பேட்டரி கழற்றியாயிற்றா?
6. முடிந்ததும் அயர்னின் பிளக் பிடுங்கியாயிற்றா?
7. கை கழுவியாயிற்றா?

விரலில் இருக்கும் சூட்டுத் தழும்பை அனுபவத்தின் முத்திரையாகக் காட்டும் மெக்கானிக்குகள் உண்டு. அது ஸ்டாண்டு இல்லாத மேசையின் முத்திரை. பல ஆண்டு பற்றவைத்தும் விரல் சுத்தமாக இருப்பவரிடம் தொழில் கற்றுக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது முதலில் நல்ல ஸ்டாண்டு ஒன்றை வாங்குங்கள். அயர்னை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.